கோவிட் வந்து போய் ஒரு மாதம் ஆகிறது, இப்போது மகனுக்கு நாலு நாளாகக் காய்ச்சலும் கண் சிவப்பும், யாருக்காவது இப்படி இருந்ததா?

செந்தூல் அம்மா
வியாழன், இரவு 9.10

வணக்கம். யாராவது விழித்திருந்தால் பதில் போடுங்கள். மகனுக்கு ஏழு வயது, தமிழ்ப்பள்ளியில் முதலாம் ஆண்டு. திங்கட்கிழமை காய்ச்சல் ஆரம்பித்தது, இன்றோடு நாலாவது நாள். பாராசிட்டமால் கொடுத்தால் வேர்த்துக் கொட்டி 38-க்கு இறங்குகிறது, இரண்டு மணி நேரம்கூடத் தாங்குவதில்லை, மறுபடியும் 39.6. நேற்று விடியற்காலை 40.1 காட்டியது, மீட்டர்தான் கெட்டுவிட்டதோ என்று என் கையில் வைத்துப் பார்த்தேன், கெடவில்லை.

செவ்வாய்க்கிழமை வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு கிளினிக்கில் காட்டினோம், தொண்டை சிவந்திருக்கிறது என்று ஆண்டிபயாட்டிக் கொடுத்தார்கள். புதன்கிழமை வயிற்று வலி என்று சுருண்டு படுத்துவிட்டான், நாலு தடவை வாந்தி, பேதி வேறு. இன்னொரு கிளினிக்குக்குப் போனோம். டிங்கி டெஸ்ட் எடுத்தார்கள், நெகட்டிவ். வயிற்றில் கிருமி, இரண்டு நாளில் சரியாகிவிடும் என்றார்கள். இன்று காலையில் எழுந்தால் கண் இரண்டும் ரத்தமாகச் சிவந்திருக்கிறது, ஆனால் பீளை ஒன்றும் கட்டவில்லை. மத்தியானம் ஈரத்துணியால் துடைத்துவிடும்போது முதுகிலும் தொடையிலும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. சாயங்காலம் பார்த்தால் பாதிக்கு மேல் மறைந்துவிட்டது, அதனால் கிளினிக்கில் காட்டினாலும் நம்புவார்களா என்று தெரியவில்லை.

மாமியார் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி வாசலில் வேப்பிலை கட்டிவிட்டார். இனிமேல் மருந்து கொடுக்கக் கூடாது, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடக் கூடாது, அம்மா கோபித்துக்கொள்வாள் என்கிறார். வீட்டுக்காரர் இரண்டு பக்கமும் பேச முடியாமல் நிற்கிறார்.

எனக்கு ஒன்றுதான் மனதைப் போட்டு அரிக்கிறது. நாலரை வாரத்துக்கு முன்னால் வீட்டில் எல்லாருக்கும் கோவிட் வந்தது. இவனுக்கு ஒரே ஒரு நாள் காய்ச்சல், கொஞ்சம் மூக்கொழுகல், கிட்டில் இரண்டு கோடு, அவ்வளவுதான், மூன்றாம் நாள் சைக்கிள் ஓட்டினான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமா? கிளினிக்கில் அவர்களும் கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. இப்போது தூங்குகிறான். காலை வரைக்கும் பார்க்கலாமா?


ஓய்வுபெற்ற தாதி
வியாழன், இரவு 9.22

காலை வரைக்கும் பார்க்க வேண்டாம் தங்கச்சி. இன்று ராத்திரியே குழந்தைகள் வார்டு இருக்கிற அரசாங்க ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். முதலில் பையனை எழுப்பிப் பாருங்கள். எழுப்பினால் உங்களைப் பார்த்துச் சரியாகப் பேசுகிறானா, கையும் காலும் சில்லென்று இருக்கிறதா, மூச்சு வேகமாக வாங்குகிறதா, கடைசியாக எப்போது சிறுநீர் போனான் என்று பாருங்கள். எழுப்பவே முடியவில்லை, கை கால் சில்லிட்டுப் போயிருக்கிறது என்றால் காரைத் தேடிக்கொண்டிருக்காமல் 999-க்கு அடியுங்கள்.

போகும்போது இரண்டு கிளினிக்கிலும் கொடுத்த மருந்துகளைப் பையோடு எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் எத்தனை மணிக்கு எவ்வளவு என்று ஞாபகம் இருக்கிற வரைக்கும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். திட்டு மறைந்துவிட்டது என்று விட்டுவிடாதீர்கள், மிச்சம் இருப்பதை இப்போதே கைப்பேசியில் படம் எடுங்கள், கண்ணையும் எடுங்கள். கவுண்டரில் உட்கார்ந்திருக்கிறவரிடம் முதல் வாக்கியமே இதுவாக இருக்கட்டும்: "நாலரை வாரம் முன்னால் கோவிட் வந்தது, இப்போது நாலு நாளாகக் காய்ச்சல், கண் சிவப்பு, வயிற்று வலி, உடம்பில் திட்டு." காய்ச்சல் என்று மட்டும் சொல்லி நம்பர் வாங்கிக்கொண்டு உட்காராதீர்கள்.

மற்றதெல்லாம் அப்புறம் எழுதுகிறேன். கிளம்புங்கள்.


ஜெலுத்தோங் அப்பா
வியாழன், இரவு 9.48

அக்கா, தாதியம்மா சொன்னதுதான் சரி, நீங்கள் இதைக் காத்திருக்கும் நேரத்தில் படித்தால் போதும், இப்போது கிளம்புங்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்தபோது என் கை நடுங்கிவிட்டது, ஏனென்றால் வரிக்கு வரி என் மகளுக்கு நடந்தது இதுதான். 2022-ஆம் ஆண்டு, பிப்ரவரி மார்ச்சில் ஓமிக்ரான் பரவிய சமயம். அவளுக்கு அப்போது ஆறு வயது. நான் பாயான் லெப்பாஸில் தொழிற்சாலையில் இரவு வேலை, கிருமியை நான்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அவளுக்கு லேசாக இருமல், இரண்டு நாளில் சரி. நாங்கள் எல்லாரும் அவளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டோம், பெரியவர்கள் படுத்துக் கிடக்கிறோம், இவள் ஓடி ஆடுகிறாளே என்று.

ஐந்து வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை காய்ச்சல். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளுக்குப் பிடித்த ரொட்டி சானாய் வாங்கி வந்து வைத்தேன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, முழங்காலை வயிற்றோடு ஒட்டி வைத்துக்கொண்டு முனகினாள். இரண்டு நாள் கிளினிக் மருந்து. திங்கட்கிழமை ராத்திரி வலி தாங்காமல் அலறியபோதுதான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வலது பக்கம் அடிவயிற்றைத் தொட்டாலே கத்துகிறாள், அதனால் குடல்வால் வீக்கம் என்று சந்தேகப்பட்டு அறுவை சிகிச்சை டாக்டரை வரவழைத்தார்கள். ஸ்கேன் செய்ததில் குடல்வால் நன்றாகத்தான் இருக்கிறது, வயிற்றுக்குள் நெறிக்கட்டிகள்தான் வீங்கியிருக்கின்றன. ரத்தத்தில் பிளேட்லெட் குறைவு, உடனே எல்லாருக்கும் டிங்கி ஞாபகம். நம் ஊரில் பிளேட்லெட் குறைந்தால் வேறு என்ன நினைப்பார்கள்? டிங்கி டெஸ்ட்டும் நெகட்டிவ்.

விடியற்காலை நாலு மணி இருக்கும், ஒரு சின்ன வயசு டாக்டர், பயிற்சியில் இருப்பவர் போல, அவளுடைய பாதத்தைப் பிடித்துப் பார்த்தார். நெற்றி அடுப்பாகக் கொதிக்கிறது, பாதம் ஐஸ். நகத்தை அழுத்திவிட்டு, வெளுத்த இடம் மறுபடி சிவக்க எத்தனை விநாடி ஆகிறது என்று வாய்க்குள் எண்ணினார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அப்புறம் என்னைப் பார்த்து, "கடந்த இரண்டு மாதத்தில் வீட்டில் யாருக்காவது கோவிட் வந்ததா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்குப் பிறகு எல்லாமே மாறிவிட்டது. பத்து நிமிடத்தில் மூன்று பேர் வந்தார்கள், இன்னொரு ரத்தப் பரிசோதனை, நெஞ்சில் எக்கோ என்கிற இதய ஸ்கேன். இதயம் ரத்தத்தைத் தள்ளும் சக்தி 42 சதவீதம்தான் இருந்தது, சாதாரணமாக 55-க்கு மேல் இருக்க வேண்டும் என்றார்கள். நேராக ஐ.சி.யூ.

எம்.ஐ.எஸ்.-சி என்று பெயர் சொன்னார்கள், பிள்ளைகளுக்குப் பல உறுப்புகளில் ஒரே நேரத்தில் அழற்சி வருவது. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, கிருமிதான் போய்விட்டதே என்றேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார்: கிருமி போய்விட்டது, ஆனால் அதை விரட்ட எழுந்த எதிர்ப்புச் சக்தி அடங்கவில்லை, திருடன் ஓடிப்போன பிறகும் இருட்டில் தடியைச் சுழற்றி வீட்டுக்காரனையே அடிப்பது மாதிரி, இப்போது அவளுடைய இதயத்தையும் குடலையும் ரத்தக்குழாய்களையும் அடித்துக்கொண்டிருக்கிறது என்று. முதலில் வந்த கோவிட் எவ்வளவு லேசாக இருந்தது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லையாம். அறிகுறியே இல்லாமல் கோவிட் வந்து போன பிள்ளைகளுக்கும் வந்திருக்கிறது. பெரும்பாலும் இரண்டு முதல் ஆறு வாரத்துக்குள் வருகிறது, அக்கா, உங்கள் மகனுக்கு நாலரை வாரம்.

என் மகளுக்கு ஐ.வி.ஐ.ஜி. என்று நரம்பு வழியாகச் செலுத்தும் எதிர்ப்புப் பொருள் மருந்து ஏற்றினார்கள், கூடவே ஸ்டீராய்டு. மூன்று நாள் ஐ.சி.யூ., அப்புறம் ஆறு நாள் வார்டு. ஆறாவது வாரத்தில் எக்கோ எடுத்தபோது இதயம் பழைய நிலைக்கு வந்துவிட்டது. இப்போது பள்ளியில் ஓட்டப் பந்தயத்தில் ஓடுகிறாள். இதைச் சொல்வது உங்களுக்குத் தைரியம் வரட்டும் என்பதற்காக. நேரத்தோடு போனால் பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுகிறார்கள்.


கெப்போங் அக்கா
வியாழன், இரவு 10.05

மாமியாரைப் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். உங்கள் மாமியார் கெட்டவர் இல்லை. அவர் சின்ன வயதில் தோட்டத்தில் பார்த்த சின்னம்மை, தட்டம்மை எல்லாம் மனதில் இருக்கிறது, அப்போது மருந்து என்று ஒன்றும் கிடையாது, வேப்பிலையும் மஞ்சளும் மாரியம்மனும்தான் துணை. என் பிள்ளைக்கு உடம்புக்கு முடியாதபோது என் தாயாரும் இப்படித்தான். அவரோடு வாதாடி ஜெயிக்க நேரம் இல்லை. நான் என்ன செய்தேன் என்றால், அம்மா, வேப்பிலை வாசலிலேயே இருக்கட்டும், ஒரு கொத்தை நீங்களே பிள்ளையின் தலையணைக்குக் கீழே வையுங்கள், நீங்களும் எங்களோடு வண்டியில் ஏறுங்கள் என்றேன். வேப்பிலையோடு போய்த்தான் வார்டில் சேர்த்தோம், அங்கே யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஒன்றே ஒன்று, வேப்பிலையை அரைத்தோ கஷாயமாகவோ வாய் வழியாக மட்டும் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.


செந்தூல் அம்மா
வியாழன், இரவு 10.17

வண்டியில் இருக்கிறோம். எழுப்பியபோது பேசினான், ஆனால் பாதம் சில்லென்றுதான் இருக்கிறது. மாமியாரும் கூட வருகிறார். நன்றி, நன்றி.


பட்டர்வொர்த் ஆசிரியை
வெள்ளி, காலை 7.35

அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறான்? ராத்திரி முழுக்க இதே நினைவு.

இங்கேயே ஒரு சந்தேகம் கேட்டுக்கொள்கிறேன், தாதியம்மா பார்த்தால் சொல்லுங்கள். என் வகுப்பில் போன மாதம் பாதிப் பிள்ளைகளுக்குச் சளிக்காய்ச்சல். அதில் ஒரு பையன் காய்ச்சல் விட்ட மறுநாள் கெண்டைக்கால் வலி என்று குதிகாலைத் தரையில் வைக்காமல் நுனிக்காலில் நடந்து வந்தான், பெற்றோர் பதறிவிட்டார்கள். என் சொந்த மகளுக்கு மூன்று வயது, கை கால் வாய்ப்புண் நோய் வந்து போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது, இப்போது இரண்டு விரலில் நகம் அடியிலிருந்து கழன்று வருகிறது. இதெல்லாமும் இந்த எம்.ஐ.எஸ்.-சி வகையா? காய்ச்சல் வந்து போன ஒவ்வொரு பிள்ளையையும் ஆறு வாரத்துக்குப் பயந்துகொண்டே பார்க்க வேண்டுமா?


ஓய்வுபெற்ற தாதி
வெள்ளி, காலை 9.10

டீச்சர், பயப்பட வேண்டியது வேறு, பயப்பட வேண்டாதது வேறு, இரண்டையும் பிரித்துச் சொல்கிறேன். நான் குழந்தைகள் வார்டில் 31 வருடம் வேலை பார்த்தவள், டாக்டர் இல்லை, அதை மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

உங்கள் மகளின் நகம்: கை கால் வாய்ப்புண் நோய்க்குப் பிறகு ஒரு மாதம், இரண்டு மாதம் கழித்து நகம் கழன்று விழுவது உண்டு. நோய் வந்த நாட்களில் நகம் வளர்வது கொஞ்சம் நின்றுவிடுகிறது, அந்த இடம் மேலே வரும்போது கழல்கிறது, அடியில் புதிது முளைத்துக்கொண்டிருக்கும். வலி, சீழ் இல்லாவிட்டால் ஒன்றும் செய்ய வேண்டாம், பிய்க்காமல் விடுங்கள். அந்தப் பையனின் கெண்டைக்கால் வலி: சளிக்காய்ச்சலுக்குப் பிறகு, அதிலும் இன்ஃபுளுவென்சா பி வந்த பிள்ளைகளுக்குத் தசையில் அழற்சி வரும், நுனிக்காலில் நடப்பார்கள், மூன்று நாலு நாளில் தானாகப் போய்விடும். சிறுநீர் கறுப்பாக, கோலா நிறத்தில் போனால் மட்டும் உடனே காட்ட வேண்டும். இன்னொன்று, சளி வந்து போன பிறகு மூன்றிலிருந்து பத்து வயதுப் பிள்ளைகள் இடுப்பு வலி என்று நொண்டுவது, அதுவும் பெரும்பாலும் தானாகச் சரியாகும், ஆனால் நொண்டுவதோடு காய்ச்சலும் இருந்தால் மூட்டில் சீழ் இருக்கிறதா என்று அன்றைக்கே பார்த்தாக வேண்டும்.

இதிலெல்லாம் பிள்ளை முகம் தெளிவாக இருக்கும், சாப்பிடும், விளையாடப் பார்க்கும். நான் பயப்படச் சொல்வது திரும்பி வருகிற காய்ச்சலுக்கு. காய்ச்சல் வந்து போய், சில வாரம் நன்றாக இருந்துவிட்டு, மறுபடியும் விடாத காய்ச்சல் மூன்று நாளைத் தாண்டி, அதோடு கண், உதடு, நாக்கு, தோல், வயிறு, இவற்றில் இரண்டு மூன்று சேர்ந்தால் அது வேறு கணக்கு.

இதே மாதிரி ஒரு நோயை எங்கள் வார்டில் கோவிடுக்கு ரொம்ப முன்னாலேயே பார்த்திருக்கிறோம். கவாசாகி நோய். ஜப்பானில் தொமிசாகு கவாசாகி என்ற குழந்தை மருத்துவர் 1961-இல் முதல் பிள்ளையைப் பார்த்து, அப்புறம் வரிசையாகப் பார்த்த 50 பிள்ளைகளைப் பற்றி 1967-இல் எழுதினார். பெரும்பாலும் ஐந்து வயதுக்குக் கீழே வரும். ஐந்து நாள் காய்ச்சல், பீளையில்லாத கண் சிவப்பு, வெடித்துச் சிவந்த உதடு, கேமரன் மலை ஸ்ட்ராபெர்ரி மாதிரி புள்ளி புள்ளியாகச் சிவந்த நாக்கு, கையும் காலும் வீங்கி அப்புறம் விரல் நுனியில் தோல் உரிவது, கழுத்தில் நெறி. இன்றுவரை எதனால் என்று உறுதியாகத் தெரியாது, ஏதோ ஒரு தொற்று தூண்டிவிடுகிறது என்றுதான் நினைக்கிறார்கள். மருந்து கொடுக்காமல் விட்டால் சுமார் நாலில் ஒரு பிள்ளைக்கு இதயத்தின் ரத்தக்குழாய் பலூன் மாதிரி வீங்கிவிடும். பத்து நாளுக்குள் ஐ.வி.ஐ.ஜி. கொடுத்தால் அது நூற்றில் நாலைந்தாகக் குறைகிறது. அதனால்தான் நாங்கள் நாளை எண்ணுவோம். ஒரு நாள் தவறாகச் சொன்னாலும் கணக்கு மாறும், ஆகவே காய்ச்சல் தொடங்கிய நாளை அம்மாக்கள் எழுதி வைக்க வேண்டும்.

நம் ஊர்த் தாய்மார்களுக்கு ஒரு விஷயம். இங்கே பிறந்ததும் இடது கையில் பி.சி.ஜி. என்கிற காசநோய்த் தடுப்பூசி போடுகிறோம் இல்லையா, கவாசாகி வந்த சின்னப் பிள்ளைகளுக்கு அந்தப் பழைய தழும்பு திடீரென்று சிவந்து தடித்துக்கொள்ளும். ஒரு வயதுப் பிள்ளை, ஐந்து நாள் காய்ச்சல், வேறு ஒன்றும் பிடிபடவில்லை, சட்டையைக் கழற்றியபோது கையில் ஊசித் தழும்பு குங்குமம் வைத்த மாதிரி இருந்தது. எங்கள் நிபுணர் அதைப் பார்த்த உடனே எக்கோவுக்கு எழுதினார். நான் மறக்காத பிள்ளைகளில் அவன் ஒருவன். பி.சி.ஜி. போடாத நாடுகளில் இந்த அடையாளமே அவர்களுக்குக் கிடைப்பதில்லை.

2020 ஏப்ரல் கடைசியில் பிரிட்டனில்தான், கோவிட் பரவிய பிறகு கவாசாகி மாதிரியே, ஆனால் கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்கு, ரத்த அழுத்தம் இறங்கிப்போகும் அதிர்ச்சி நிலையோடு வருகிறது என்று முதல் எச்சரிக்கை விட்டார்கள். மே மாதம் உலகச் சுகாதார நிறுவனம் அதற்கு வரையறை கொடுத்தது, மூன்று நாள் காய்ச்சல் என்பது அதிலிருந்து வந்ததுதான். இதில் எட்டு ஒன்பது வயதுப் பிள்ளைகள் அதிகம், வயிற்று வலியும் வாந்தியும் அதிகம், இதயம் ரத்தத்தை இறைக்கும் சக்தியும் சட்டென்று இறங்கிவிடும். ஜெலுத்தோங் தம்பி சொன்ன குடல்வால் குழப்பம் பல நாடுகளிலும் நடந்தது. இப்போது முன்னைவிட ரொம்பக் குறைந்துவிட்டது, அதுவே ஓர் ஆபத்து, யாருக்கும் சட்டென்று நினைவுக்கு வருவதில்லை.

டிங்கி பற்றியும் சொல்லிவிடுகிறேன். முதல் டெஸ்ட் நெகட்டிவ் என்றால் டிங்கி இல்லவே இல்லை என்று அர்த்தம் கிடையாது. காய்ச்சல் இறங்கும் நேரத்தில் விடாத வயிற்று வலி, வாந்தி, சில்லென்ற கை கால் வந்தால் டிங்கியிலும் அதுதான் அபாய நேரம். ஆக எதுவாக இருந்தாலும் போக வேண்டிய இடம் ஒன்றுதான். டிங்கி இல்லை என்று உறுதியாகிற வரைக்கும் இபுப்ரோஃபன் கொடுக்காதீர்கள், பாராசிட்டமால் மட்டும், அதுவும் எடைக்கேற்ற அளவு.


செந்தூல் அம்மா
சனி, மாலை 4.50

எல்லாருக்கும் இப்போதுதான் எழுத முடிந்தது. ஐ.சி.யூ. வெளியே நாற்காலியில் இருந்து எழுதுகிறேன்.

கவுண்டரில் தாதியம்மா சொன்ன வாக்கியத்தை அப்படியே சொன்னேன். அங்கிருந்த பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார், உடனே உள்ளே கூப்பிட்டார்கள். ரத்த அழுத்தம் குறைவு. உடம்பில் அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. ரத்தப் பரிசோதனை இருநூற்றுக்கு மேல், டிங்கியில் இவ்வளவு ஏறுவது வழக்கமில்லை என்றார்கள். உப்புச் சத்து குறைவு, பிளேட்லெட் குறைவு, இதயத்துக்கான ரத்தப் பரிசோதனையும் கூடுதல். திட்டு மறைந்தே போயிருந்தது, நான் எடுத்த படத்தைத்தான் டாக்டர் பெரிதாக்கிப் பார்த்தார். விடியற்காலை எக்கோ எடுத்தார்கள், இதயம் கொஞ்சம் சோர்ந்திருக்கிறது, ரத்தக்குழாய்கள் நன்றாக இருக்கின்றன. எம்.ஐ.எஸ்.-சிதான்.

நேற்று ஐ.வி.ஐ.ஜி. ஏற்றினார்கள். எடைக்கு ஒரு கிலோவுக்கு இரண்டு கிராம், இவன் 22 கிலோ, 44 கிராம். சின்னச் சின்னக் கண்ணாடி பாட்டில், ஒன்று முடிந்தால் அடுத்தது, சோப்பு நுரை மாதிரி மேலே லேசாக நுரைத்துக்கொண்டு துளித் துளியாக இறங்கியது, முடிய பன்னிரண்டு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம் தாதி பக்கத்திலேயே நின்று கால் மணி நேரத்துக்கு ஒரு தரம் காய்ச்சலும் அழுத்தமும் பார்த்தார். ஆயிரக்கணக்கானவர்கள் தானம் செய்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுப்பது என்று அவர்தான் சொன்னார். என் மாமியார் அதைக் கேட்டு அந்தப் பாட்டிலைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டார்.

இன்று காலை ஐந்தரை மணிக்கு 37.2. ஆறு நாளில் முதல் தடவை. பத்து மணிக்கு மைலோ கேட்டான். பாதத்தைத் தொட்டேன், வெதுவெதுப்பாக இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். இரண்டு கிளினிக்கையும் நான் குறை சொல்லவில்லை, அவர்கள் பார்த்தபோது கண் சிவப்பும் இல்லை, திட்டும் இல்லை. ஆனால் "இதற்கு முன்னால் எப்போது காய்ச்சல் வந்தது?" என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் நான் சொல்லியிருப்பேன்.


ஜெலுத்தோங் அப்பா
சனி, மாலை 5.30

அக்கா, மைலோ கேட்டான் என்று படித்ததும் கண் கலங்கிவிட்டது. வீட்டுக்குப் போன பிறகு வருவதைச் சொல்கிறேன், எனக்கு யாரும் முன்கூட்டியே சொல்லாததால் திண்டாடினேன். ஸ்டீராய்டு சாப்பிடும் நாட்களில் பசி பயங்கரமாக இருக்கும், ராத்திரி இரண்டு மணிக்குச் சோறு கேட்பாள், முகம் உப்பும், காரணமில்லாமல் அழுவாள், கோபப்படுவாள். மருந்து குறையக் குறைய அதுவும் போய்விடும். நன்றாகிவிட்டானே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், அவர்கள் எழுதிக் கொடுக்கிற அட்டவணைப்படி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். இரண்டு மூன்று வாரம் கழித்து விரல் நுனியில் தோல் உரிந்தால் பயப்படாதீர்கள், என் மகளுக்கு உரிந்தது.

விளையாட்டுதான் கஷ்டம். எங்களுக்கு ஆறு மாதம் ஓடக் கூடாது, பந்து விளையாடக் கூடாது என்றார்கள். பார்த்தால் ஆரோக்கியமாக இருக்கிற பிள்ளையை உட்கார வைப்பது லேசில்லை. பள்ளிக்கு டாக்டர் கடிதம் வாங்கிக் கொடுங்கள், உடற்கல்வி ஆசிரியரிடம் நேரிலும் சொல்லுங்கள். நான் கடிதம் மட்டும் கொடுத்தேன், அது அலுவலகத்திலேயே இருந்துவிட்டது, குறுக்கோட்டத்துக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.


செந்தூல் அம்மா
மூன்று வாரம் கழித்து, ஞாயிறு, காலை 11.15

வீடு திரும்பி இரண்டு வாரம் ஆகிறது. இரண்டாவது எக்கோவில் இதயம் நன்றாக இறைக்கிறது என்றார்கள், ஆறாவது வாரம் மறுபடியும் வரச் சொல்லியிருக்கிறார்கள். தினமும் சின்ன அளவு ஆஸ்பிரின் கொடுக்கிறோம். நேற்றிலிருந்து விரல் நுனியில் தோல் உரிகிறது, தம்பி முன்னாலேயே சொன்னதால் பதறவில்லை.

இரண்டு சந்தேகம். ஆஸ்பிரின் கொடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குச் சின்னம்மை வந்திருக்கிறது, இவன் நேற்று வரைக்கும் அந்தப் பிள்ளையோடுதான் விளையாடினான், அது பரவாயில்லையா? இன்னொன்று, பள்ளியிலிருந்து முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்குப் போடுகிற ஊசிக்குக் கையெழுத்துக் கேட்டுத் தாள் வந்திருக்கிறது. போடலாமா?


ஓய்வுபெற்ற தாதி
ஞாயிறு, மதியம் 12.05

தங்கச்சி, சின்னம்மை விஷயத்தை நாளைக்குத் தள்ளாதீர்கள், இப்போதே வார்டுக்குப் போன் செய்து சொல்லுங்கள். சின்னம்மை, சளிக்காய்ச்சல் இருக்கும்போது பிள்ளைகளுக்கு ஆஸ்பிரின் உள்ளே போனால் ரே நோய் என்று ஒன்று வரலாம், மூளையையும் ஈரலையும் பாதிப்பது, அபூர்வம், ஆனால் கொடியது. எப்போது தொட்டான், எத்தனை மணி நேரம் கூட இருந்தான், இவனுக்கு முன்னால் சின்னம்மை வந்திருக்கிறதா, அதற்குத் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்று கேட்பார்கள், சொல்லுங்கள். ஆஸ்பிரினை நிறுத்துவதா வேண்டாமா என்பதை அவர்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஆஸ்பிரின் சாப்பிடுகிற வரைக்கும் இபுப்ரோஃபன் கூடாது, ஃபார்மசியில் காய்ச்சல் மருந்து வாங்கும்போது சீசாவைப் படித்துப் பாருங்கள். சளிக்காய்ச்சல் தடுப்பூசி எப்போது போடலாம் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பள்ளி ஊசித் தாளில் இரண்டு ஊசி இருக்கும். ஒன்று தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும், இன்னொன்று டிப்தீரியாவுக்கும் டெட்டனஸ் என்கிற இழுப்பு நோய்க்கும். முதலாவது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரிப்பது. அவனுக்கு ஏற்றிய ஐ.வி.ஐ.ஜி.யில் மற்றவர்களுடைய எதிர்ப்புப் பொருள் நிறைய இருக்கிறது, அது உடம்பில் இருக்கிற வரைக்கும் அந்த ஊசி வேலை செய்யாமல் வீணாகும், அதனால் ஐ.வி.ஐ.ஜி. போட்ட நாளிலிருந்து பதினோரு மாதம் தள்ளிப் போடுவார்கள். இரண்டாவதுக்கு அந்தத் தடை இல்லை, ஆனாலும் உடம்பு இப்போதுதான் தேறுகிறது, அதையும் டாக்டரிடம் கேட்டுவிட்டே போடுங்கள். தாளில் கையெழுத்துப் போடாமல் ஐ.வி.ஐ.ஜி. போட்ட தேதியை அதில் எழுதி, ஆஸ்பத்திரிக் கடிதத்தின் நகலோடு பள்ளிக்கு வரும் சுகாதாரக் குழுவிடம் கொடுங்கள். அவனுடைய தடுப்பூசிப் புத்தகத்திலும் அந்தத் தேதியை எழுதுங்கள். அடுத்த வருடம் இரண்டாம் ஆண்டுக்குப் போய்விடுவான், பள்ளியில் யாரும் கூப்பிட்டுப் போட மாட்டார்கள், நீங்களேதான் நாள் பார்த்து அரசாங்கக் கிளினிக்குக்குக் கூட்டிப் போக வேண்டும்.


செந்தூல் அம்மா
ஞாயிறு, மதியம் 12.40

வார்டுக்குப் போன் செய்துவிட்டேன். சின்னம்மை ஊசி போட்டதில்லை, நோயும் வந்ததில்லை. இன்றைய ஆஸ்பிரினைக் கொடுக்காமல், மத்தியானமே கூட்டி வரச் சொன்னார்கள். கிளம்புகிறோம். தடுப்பூசிப் புத்தகத்தைப் பைக்குள் வைத்துவிட்டேன், தேதியை மாமியார்தான் எழுதினார்.